தியேட்டர் மெஷினை நிறுத்தச் சொன்ன துளசிராம் சார்

துளசிராம் சார் தவறிட்டாராம்...

மத்தியானம் பழைய ஆஸ்பத்திரி ஸ்டாஃப் குரூப்ல மெசேஜ் வந்துச்சு. நான் பாக்குறதுக்குள்ள நாப்பது பேரு கும்புட்ட கை போட்டுட்டாங்க. நான் எதுவும் போடல.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தல்லாகுளத்துப் பக்கம் ஒரு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரி. தொண்ணூறுகள் முடியப்போற நேரம். அவரு அங்க மெயின்டனன்ஸ் இன்ஜினியர். நான் ஏசி ஆபரேட்டர்... வாடிப்பட்டியிலருந்து டெய்லி பஸ்ல வந்து போவேன்.

ஆஸ்பத்திரி இழுக்குற கரண்ட் தாங்கல, குறைக்க வழி பாருங்கன்னு சேர்மன், துளசிராம் சார்கிட்டச் சொல்லிட்டாரு. ஆறு மாசம் நாங்க ரெண்டு பேரும் ஒரு மூலை விடாம பில்டிங்கச் சுத்துனோம்.

எந்தக் கதவு சரியா மூடல, எந்தப் பைப்புல தெர்மாகோல் உதுந்து குளிர் வீணாப் போகுது, ஆளே இல்லாத காரிடார்ல எம்புட்டு டியூப்லைட் எரியுது... நான் சொல்லச் சொல்ல அவரு எழுதுவாரு.

மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்போம்னு சொன்னது நான். சித்திரை வெயில்ல, செருப்பு ஒட்டுற தரையில, அவரும் என்கூட மட்டையப் புடிச்சு அடிச்சாரு. ஒரு இன்ஜினியர் அப்படிச் செய்வாருன்னு நான் நெனைக்கல.

ரெண்டே நாள்ல மேல் மாடி வார்டுல ஒரு பேஷண்ட், "ஃபேன் புதுசா மாத்துனீங்களா?"ன்னு நர்ஸ்கிட்ட கேட்டாராம். சார் அத என்கிட்ட நாலு தடவை சொன்னாரு. அம்புட்டு சந்தோஷம்.

மதியம் அவரு வீட்டுப் புளியோதரையில பாதி என் டிபனுக்கு வந்துரும். போன்ல வீட்டம்மாகிட்ட அவங்க சௌராஷ்டிரா பாஷையில ஏதோ பேசிட்டு, "உங்களுக்கும் சேத்துத்தான் கட்டுனாளாம் பாண்டி"ம்பாரு.

இதெல்லாம் நடந்தது. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

மொத வருசம் கரண்ட் நல்லாவே குறைஞ்சது. ஆஸ்பத்திரிக்கு அவார்டு. சார் கோட்டு போட்டு அத வாங்குன போட்டோ ரிசப்ஷன்ல தொங்குச்சு.

அடுத்த வருசம் இன்னும் குறைங்கன்னாங்க. இனிமே குறைக்க என்ன இருக்கு...

ஆபரேஷன் தியேட்டருக்கு வடிகட்டுன குளிர்காத்து அனுப்புற மெஷின் ஒண்ணு இருக்கும். ஆபரேஷன் இல்லாத நேரத்துலயும் அது மெதுவா ஓடிக்கிட்டே இருக்கணும். சார் கண்ணு அதுமேல போச்சு.

ஒரு சனிக்கிழமை வந்து, "இன்னைக்கு கேஸ் முடிஞ்சதும் நிறுத்திருங்க பாண்டி. திங்கக்கெழம காலைல போட்டாப் போதும்"னாரு.

"ஈரம் கோத்துக்கிரும் சார். நிறுத்தித்தான் ஆகணும்னா லாக் புக்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க."

சிரிச்சாரு. "நமக்குள்ள என்ன பாண்டி கையெழுத்து?"

நிறுத்துனேன். சுவிட்ச அமுத்துனது என் கைதான், அத மறைக்கல. வாரா வாரம் நிறுத்துனேன்.

ஐப்பசி மழை. தியேட்டர் சீலிங்ல கறுப்புக் கறுப்பா பூஞ்சை. தியேட்டர் சிஸ்டர்தான் மொதல்ல பாத்தாங்க. அதுக்குள்ள சமயநல்லூர்லருந்து வந்த ஒரு அம்மாவுக்கு வயித்துல தையல் போட்ட இடம் சீழ் புடிச்சு, திரும்பப் பிரிச்சு... பொழச்சுக்கிட்டாங்க. ஆனா ரெண்டு மாசம் படுக்கை.

தியேட்டரைப் பூட்டிட்டாங்க. சேர்மன் ரூம்ல விசாரணை. நானும் சாரும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிறோம்.

"மெஷினை நிறுத்தச் சொன்னது யாரு?"ன்னு சேர்மன் கேட்டாரு.

"எனக்குத் தெரியாது சார். ஆபரேட்டர் அவரா நிறுத்தியிருக்காரு."

பாண்டின்னுகூடச் சொல்லல. ஆபரேட்டர்.

"சார்..."னேன். திரும்பிப் பாக்கல. லாக் புக்கப் பெரட்டுனாங்க. அதுல ஒரு வரி இல்ல.

அன்னைக்குச் சாயங்காலமே என்னைய அனுப்பிட்டாங்க. விசயம் பரவி, வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் வேலை கெடைக்கல. செல்லூர்ல ஒரு தறிப் பட்டறையில மோட்டார் பாத்தேன். அப்பறம் திருநகர் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரீசியன்.

ஏழெட்டு வருசம் கழிச்சு அந்தக் காலேஜுக்கு அவரு பேச வந்தாரு. ஆஸ்பத்திரியில கரண்டை மிச்சம் புடிக்கிறது எப்படின்னு. மைக் செட் பண்ணது நான். என்னையக் கவனிக்கல.

ஸ்லைடு போட்டாரு. மொட்டை மாடி, பைப்பு, காரிடார்... நாங்க சுத்துன எடமெல்லாம். கடைசியா தியேட்டர் சீலிங் போட்டோ.

"ஒரு ஆபரேட்டர் யாரையும் கேக்காம மெஷினை நிறுத்துனதால வந்தது இது. ஸ்டாஃபுக்கு ட்ரெயினிங் ரொம்ப முக்கியம்"னாரு.

ஸ்டூடண்ட்ஸ் நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

முடிஞ்சதும் மைக்கக் கழட்டப் போனேன். அப்பத்தான் பாத்தாரு. அப்பறம் பக்கத்துல வந்து, தோள்ல கைய வச்சு, மெதுவாச் சொன்னாரு.

"உங்க பேரைச் சொல்லல பாண்டி."

நான் தேங்க்ஸ் சொல்லுவேன்னு எதிர்பாத்தாரு போல. நான் ஒயரைச் சுத்திக்கிட்டே இருந்தேன்.

வேலை போனதுகூட ஆறிருச்சு. பிள்ளகுட்டிக்காரரு, சேர்மன் முன்னாடி பயந்துட்டாருன்னு மனசத் தேத்திக்கிட்டேன். அந்த மேடையில என்ன பயம்... அங்க யாரும் எதுவும் கேக்கக்கூட இல்லையே.

தவறிப்போனவரப் பத்தி இப்படியா எழுதுறதுன்னு கமென்ட்ல கேப்பீங்க. கேளுங்க. குரூப்ல எல்லாரும் "நேர்மையான மனிதர்"னு போட்டுக்கிட்டே இருக்காங்க... மத்தியானத்துலருந்து அதுதான் என்னைய உக்காரவிடல.

நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்குறாங்களாம்.

வாரேன் சார். மாலை எதுவும் கொண்டு வரல.