குழாயடியில் நட்ட குச்சி

அல்போன்சம்மாள் அக்கா சிங்கப்பூர் ஜூரோங்கில் எங்கள் தொழிற்சாலைப் புல்வெளிக்குப் பதினொரு வருடம் தண்ணீர் விட்டவர். நான் அங்கே வாசல் காவலாளி. இருவரும் பூன் லேயிலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவோம். வந்ததும் அக்கா இருபது இடத்திலாவது மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். ஈரம் ஒட்டினால் அந்தப் பக்கத்துக்கு அன்று தண்ணீர் கிடையாது.

1986இல் அந்த விரலுக்குப் பதிலாக ஒரு பெட்டி வந்தது. மண்ணில் ஒரு குச்சியைப் புதைத்து, பெட்டிக்கு ஒயர் இழுத்தார்கள். மண் காய்ந்திருந்தால் பெட்டி விடியற்காலையில் தானே தண்ணீரைத் திறந்துவிடும். ஈரமாக இருந்தால் திறக்காது. இத்தனை பெரிய புல்வெளிக்கு ஒரே ஒரு குச்சி! அதையும் ஒயர் மிச்சமாகும் என்று சுவரோரக் குழாயடியில் நட்டார்கள். மத்தியானம் நாங்கள் டிபன் கேரியர் கழுவுவது அங்கேதான்.

"சார், அங்க எப்பவும் ஈரம் லா. வெயில் படுற நடு எடத்துல வைக்கச் சொல்லுங்க," என்றார் அக்கா, மேற்பார்வையாளர் சேதுபதியிடம்.

"எஞ்சினியருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்? இனிமே ஹோஸைத் தொடாதீங்க."

அடுத்த பிப்ரவரியில் மூன்று வாரம் மழையில்லை. குழாயடி மட்டும் பச்சை. மற்ற இடமெல்லாம் கருகிப்போனது. பெட்டி ஒருநாள்கூடத் தண்ணீரைத் திறக்கவில்லை. அக்கா மறுபடி போய்ச் சொன்னார். சேதுபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். உடனே சேதுபதி, அக்காதான் கோபத்தில் பெட்டியை அணைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டான். என்ன நாக்கோ அவனுக்கு!

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அக்காவும் அங்கே நின்றிருந்தார்.

"அவர் பெட்டியைத் தொட்டதைப் பார்த்தாயா?"

தொடவில்லை, காரணம் குழாயடி ஈரம்தான், அக்கா முன்பே சொன்னார் என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. சேதுபதி கையெழுத்துப் போட்டால்தான் நீட்டிப்பார்கள்.

"நான் கவனிக்கல சார்," என்றேன்.

அன்று சாயங்காலமே அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் குச்சியைப் பிடுங்கி நடுவில் நட்டார்கள், அக்கா சொன்ன அதே இடத்தில். புல் துளிர்த்தது. என் ஒப்பந்தமும் நீண்டது.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவரும் போகும் மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரம். முன் வரிசையில் இருந்த அக்கா திரும்பி ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். எனக்கு மட்டும் கூப்பவில்லை. நான் கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.