பாடி என்றொரு சொல்

இன்று உயிரோடு இருக்கிறவனுக்குக் குழி வெட்டிவிட்டார்கள்.

எங்கள் புது பஸ்ஸுக்குக் கூடு கட்டுவதைப் பார்க்க என் கூட்டாளி ஞானமுத்து காய்ச்சலோடு திருவனந்தபுரம் போயிருந்தான். காலையில் அவனுடைய தந்தி ஆங்கிலத்தில் வந்தது: "பாடி ரெடி. இன்று வருகிறது. ஞானமுத்து."

நான் பூதப்பாண்டிச் சந்தையில். வீட்டில் தந்தியை வாசித்த எங்கள் சபை உபதேசியார், "ஞானமுத்துவின் சரீரம் இன்று வருகிறது" என்று சொல்லிவிட்டார்.

திரும்பியதும் விஷயம் கேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். குழி தயார். அந்நேரம் சாலையில் புது பஸ் வந்து நின்றது. ஞானமுத்து இறங்கி வந்தான்.

"ஏலே மாசிலாமணி, ஆருக்குக் குழி?"

குழிவெட்டி மாசிலாமணி நிமிரவில்லை. "ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி."

"மூடிருலே" என்றேன் நான்.

"வெறுங்குழிய மூடப்படாது முதலாளி. மூணு நாளைக்குள்ள ஆள் கேக்கும். அளவும் இவருக்குள்ளது."

ஞானமுத்து குனிந்து உள்ளே பார்த்தான். காய்ச்சலில் பல் தந்தியடித்தது.

என் ஜவுளிக்கடையில் பெண்களுக்கு விற்பதும் பாடிதான். வேறு அர்த்தங்கள் தெரிந்தவர்கள் இப்போதே எழுதிவிடுங்கள்.

கடைசியில் பேசி முடித்தது: ஞானமுத்துவின் உயரத்துக்கு ஒரு வாழைத்தடி, அவன் போட்டிருந்த சட்டையைச் சுற்றி அடக்கம். கூலி பதினாலு சக்கரக் காசு. அதை அவனே கொடுத்தான்.