குதிகாலில் ஒரு ஒப்பந்தம்

என் நாத்தனாரை ஆபீஸில் இஸ்திரிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நடனக்காரம்மாவின் பழைய காகிதங்களை மடிப்பு நீக்கிப் பாதுகாப்பது அவள் வேலை. ஈரக்காற்று நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் தாளை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தூங்குகிற குழந்தையின் கை விரிவதுபோல மடிப்பு தானாக விரியும். அந்த நேரத்தில் யாராவது பேசினால் எரிந்து விழுவாள். என்னைக் கேட்டால் அது பொறுமை இல்லை, பிடிவாதம்.

அந்தம்மாவின் மேடைக் காலணி ஒன்றின் குதிகாலில் நசுங்கிக் கிடந்த ஒப்பந்தத் தாள்தான் அவளை ரொம்பப் படுத்தியது. ஒருவழியாக அதையும் விரித்து வழவழவென்று ஆக்கிவிட்டாள்.

அதைப் பார்க்க நடனக்காரம்மாவே வந்தார். தாளைக் கையில் வாங்கியவர், பேசிக்கொண்டே அதைப் பழையபடி மடித்துக் காலணிக்குள் செருகினார். போட்டுக்கொண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல் வெளிச்சமும் கூடவே சுற்றியதாக நாத்தனார் சொல்கிறாள்.

"இது எப்பவுமே தொளதொளன்னு இருக்கும். தாள் இல்லன்னா ஆடும்போது கழண்டுடும்மா."

கத்துவதற்கு வாயைத் திறந்த நாத்தனார், குனிந்து காலணி கழலாமல் நிற்கிறதா என்று பார்த்தாள். சாயங்காலம் காலணியை அப்படியே ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து மூடினாள். 'உள்ளே இருக்கும் தாளை யாரும் பிரிக்கக் கூடாது' என்று மேலே எழுதி ஒட்டியது இஸ்திரிக்காரியேதான்.