எல்லாருக்கும் பொதுவான கிணறு

எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் வெடி வைத்துக் கல் எடுக்கப்போகிறார்கள் என்றதும், ஊர்ப் பெரியவர் ஒருவர் முதல்தடவையாக எங்கள் முற்றத்துக்கு வந்தார். கல்லுக்கிடங்கு வெட்டினால் நல்லதண்ணீர்க் கிணறு உவராகிவிடுமாம். அரசாங்கக் கச்சேரிக்குப் போய்த் துரையிடம் முறையிட ஆட்கள் வேண்டுமாம்.

“பிள்ளை, உது எங்கள் எல்லாரின்ரையும் கிணறெல்லோ?”

“ஓம் நயினார்,” என்றார் அம்மா.

அந்தக் கிணற்றுக் கட்டை எங்கள் சாதி தொடக்கூடாது. பெரியவரின் சாதியார் யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு எட்ட நிற்போம். கச்சேரி வெயிலில் மட்டும் எங்களை முன்னுக்கு நிறுத்தினார்கள். துரை கல்லுக்கிடங்கை நிறுத்திவிட்டார்.

பெரியவர் சொன்னதை நம்பி, மறுநாள் அம்மா கிணற்றுக் கட்டில் கை வைத்தார்.

“எட்ட நில்லடி!” என்றார் அதே பெரியவர்.

அந்தக் கிடங்கை வெட்ட விட்டிருக்க வேண்டும். உவர்த்தண்ணீரையாவது எல்லாரும் ஒன்றாகக் குடித்திருப்போம்.