மணலுக்கு நடுவே ஒரு சிவப்புத் தரை

என் கணவருக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுத்துவிட்டால் வீட்டில் ஒரு டம்ளர்கூட உருளக் கூடாது. அதனால்தான் திருவொற்றியூர் கடலோரம் நடக்க ஆரம்பித்தேன். எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. ஆனால் ஏதாவது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் இடுக்கில் காய்த்து நின்ற தக்காளிச் செடி. கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் கண் திறக்காத பூனைக்குட்டிகள்.

ஒருநாள் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கற்களுக்கு அப்பால் நான் பார்த்தே இராத ஈர மணல். இறங்கிப் போனேன். நடுவே ஒரு சிவப்பு சிமெண்ட் தரை கிடந்தது, வாசற்படியோடு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பாதத்துக்கு வழுவழுவென்று குளிர்ந்தது. அடுத்த சில நாட்களும் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோய் அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். அலைச் சத்தம் எங்கோ தள்ளிக் கேட்டது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் யாரோ பின்னால் நிற்பதுபோல் முதுகு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு காலையில் கற்கள் மேலிருந்து ஒரு குரல்.

"யம்மா, எங்க வூட்ல இன்னா பண்ற நீ?"

பஸ் ஸ்டாப் அருகே மீன் விற்கும் பெண். முகப்பழக்கம் உண்டு.

"உங்க வீடாக்கா இது?"

"பின்ன? நீ குந்திகினு கீற எடத்துலதான் எம் பொண்ணு பொறந்தா. அந்த மூலைல அடுப்பு." சொல்லும்போது முகம் மலர்ந்தது.

"இறங்கி வந்து பாருங்களேன்."

மலர்ச்சி சட்டென்று போய்விட்டது. "வர மாட்டேன். ஒரு தபா இஸ்துகினு போனத கடலு சும்மா காட்டாது. ஏறி வா நீ."

"ஏன், என்ன ஆகும்?"

"வூடு போனப்பவும் மொதல்ல இப்டிதான் உள்ள போச்சு. நாங்க சிரிச்சிகினே நண்டு புடிச்சிகினு இருந்தோம்."

நான் கற்களைப் பிடித்து ஏறியபோது என் மணிக்கட்டை இறுகப் பற்றி இழுத்தாள். அன்றைக்கே அவள் சட்டி பானையெல்லாம் கட்டிவைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், காற்றே இல்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருக்கையில், கடல் கற்களைத் தாண்டி வந்தது. கடைசித் தெருவில் சில வீடுகளின் பின்சுவர் போயிற்று. அவள் குடியிருந்த வாடகை வீடும் அதில் ஒன்று. யாருக்கும் அடிபடவில்லை. நான் ஓடிப் போனபோது அவள் மூட்டைகளோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். கொருக்குப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னாள்.

"நீ எந்தத் தெருவும்மா?" என்று கேட்டாள்.

சொன்னேன். இடிந்த சுவர்களுக்கு அடுத்திருந்த எங்கள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது நான் ரோட்டின் மறுபக்கம் நடக்கிறேன். போன வாரம் எங்கள் அடிபம்பில் தண்ணீர் உப்புக் கரித்தது. கணவரை எழுப்பிச் சொன்னேன்.

"தண்ணி லாரி வரும்ல," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.