இருபது வருடம் வாழும் பாம்பு

மகளுக்குப் பன்னிரண்டு வயதுதான் என்பதால், பாம்பு வளர்க்கும் லைசென்ஸை என் பெயரில் எடுத்தேன். பாம்பு வாங்கப் போக, சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் கார் ஏறியதிலிருந்து மனைவி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பாம்புக்குத் தீனியெண்டு செத்த எலியை என்ர பிரிட்ஜுக்குள்ள வைக்கேலாது."

என் பயமெல்லாம் அதன் பல்லைப் பற்றியது. விற்பவரோ, இந்தப் புள்ளி மலைப்பாம்பு சாது, முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு ஏற்றது என்று சொல்லிக் குட்டியை மகளின் கையில் விட்டார். பிறகு, இது இருபது வருடம் வாழும், அதுவரை வைத்துப் பார்ப்பீர்களா என்று கேட்டார்.

எங்கள் விசா முடிய ஏழு மாதம் இருந்தது. அடுத்த விசாவுக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

"யெஸ்" என்றாள் மகள், பாம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பும் வழியில் மனைவி மெல்லச் சொன்னாள்: "எலிக்குச் சின்னப் பிரிட்ஜ் ஒண்டு வாங்குவம்."