தூணில் கட்டிய வண்டி

ஓடாத காரை ட்ரெய்லரில் ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியேதான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் என் பிழைப்பு நடந்தது. பாதுகாப்பு அதிகாரி. தூக்கிய பாரத்துக்கு அடியில் நிற்காதே, இழுபடும் கம்பியைத் தாண்டாதே, நகரும் வண்டிக்குப் பின்னால் போகாதே என்று வளர்ந்த ஆண்களிடம் ஓயாமல் சொல்வது என் வேலை. அவர்கள் தலையாட்டுவார்கள், நான் திரும்பியதும் தாண்டுவார்கள். ஓய்வு பெற்றபின் சொல்வதற்கு என் மனைவி ஒருத்திதான் மிச்சம். அவள் தலையாட்டுவதுகூட இல்லை.

கார் அவளுடையது. நான் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. விபத்து அறிக்கைகளை எழுதியே வயதானவனுக்கு அந்த ஆசை எப்படி வரும்? அவள் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெறும் தறுவாயில் கற்றுக்கொண்டு, சின்னதாகச் சிவப்புக் கார் ஒன்று வாங்கினாள். ஆவடிச் சந்தை, திருவேற்காட்டுக் கோயில், என் முதுகு வைத்தியம் எல்லாம் அதில்தான். பிறகு ஒரு டிசம்பரில் தெருவுக்குள் வெள்ளம் வந்தது.

எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவார்கள். சுரண்டிவிட்டுப் போடவேண்டும் என்பது விதி. விதியைக் குறிப்பிட்டு மனுக்கள் எழுதினேன். ஒவ்வொரு மனுவுக்குப் பிறகும் சாலை கொஞ்சம் உயர்ந்தது. இப்போது கேட்டிலிருந்து கார் நிற்கும் போர்ட்டிகோவுக்கு ஒரு சிமெண்டுச் சரிவில் இறங்க வேண்டும். வீடு ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த டிசம்பரில் தொட்டி நிரம்பியது. வடிந்தபோது கார் மூச்சை நிறுத்தியிருந்தது. சேறு காய்ந்து சக்கரங்களைச் சுற்றி ஓடு கட்டியது. மனி பிளாண்ட் பம்பரில் ஏறியது. கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் எழுந்து போய்விடுவாள். போன மாதம் ஒரு நாள் அவளாகவே சம்மதித்தாள். குமணன்சாவடிப் பக்கத்தில் பழைய வண்டிகளை வாங்கிப் பிரிப்பவர் ஒருவர் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

வந்தது ஒரு ஜீப், அதன் பின்னால் ட்ரெய்லர், இரண்டு பேர். ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். கூட வந்தவர் அவருடைய மைத்துனர். அன்று முழுவதும் ‘மச்சான்’ என்பதைத் தவிர வேறு பெயர் அவருக்கு இல்லை. எதிரே இருந்த காலி மனைக்குள் ஜீப்பின் மூக்கை நுழைத்து, ட்ரெய்லரின் வால் எங்கள் கேட்டைப் பார்க்கும்படி நிறுத்தினார்கள். வாலிலிருந்து இரண்டு இரும்புச் சாய்பலகைகள் தரையில் இறங்கின. ட்ரெய்லரின் தலைமாட்டில் வின்ச்: மோட்டாரில் சுற்றும் ஓர் உருளை, அதில் விரல் தடிமனுக்கு எஃகுக் கம்பிவடம். வடத்தின் கொக்கியைக் காரின் முன்பக்க வளையத்தில் மாட்டினார்கள்.

இறுகிக் கிடந்த சக்கரங்களை ஓட்டுநர் காலையிலேயே சுத்தியலால் தட்டி விடுவித்திருந்தார். துருவேறிய பிரேக் சாமான்களையும் கழற்றிப் போட்டுவிட்டார்.

“பிரேக்கு இனிமே கெடையாது சார். மிதிச்சா காத்துதான்” என்றார்.

நான் வடத்தின் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போடச் சொன்னேன். வடம் அறுந்தால் சாட்டையாக வீசும். சாக்கின் கனம் அதைத் தரையில் அழுத்தும்.

“மச்சான், சார் கம்பிக்குப் பொன்னாட போத்துறாரு பாரு.”

“போட்டோ எடுக்கணுமா?” என்று ஜீப்பிலிருந்து மைத்துனர் கேட்டார்.

அடுத்து, வண்டிக்குப் பின்னால் யாரும் போகக்கூடாது என்றேன். அதில் கண்டிப்பாக இருந்தேன். பக்கத்துவீட்டுக்காரர் வேடிக்கை பார்க்கப் போர்ட்டிகோ பக்கம் போனார். அவரையும் தெருவுக்கு விரட்டினேன்.

மிச்சம் இருந்தது ஸ்டியரிங். கேட்டுத் தூண்களுக்கு நடுவில் காருக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலம்தான் இடம். உள்ளே ஒருவர் சாவி போட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். ஓட்டுநர் கையில் வின்ச்சின் ரிமோட், மைத்துனர் கால் ஜீப்பின் பிரேக்கில். எனக்கு ஓட்டத் தெரியாது. நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள்.

“இந்தக் கேட்டுல இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாம எடுத்தது யாரு?” என்றாள் கண்ணாடிக்குள்ளிருந்து. பிரேக் இல்லை என்பதை அவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் பயப்படுவாள் என்றும் நினைத்தேன். இதற்கிடையில் வின்ச் முனக ஆரம்பித்தது.

கார் நகர்ந்தது. காய்ந்த சேறு அப்பளம்போல் நொறுங்கியது. சரிவில் அங்குலம் அங்குலமாக ஏறி, கேட்டுத் தூண்களுக்கு நடுவே வந்து, முன்சக்கரங்கள் சாய்பலகையைத் தொட்டன. அங்கே நின்றுவிட்டது. வின்ச்சின் குரல் மாறியது. முனகல் போய் ஒரு மெல்லிய கீச்சு. அந்தக் கீச்சு எனக்குத் தெரியும். மோட்டார் பாரம் தாங்காமல் திணறும் சத்தம்.

“துருதான் சார். கொஞ்சம் அழுத்தினா வந்துரும்.”

அவர் அழுத்தினார். கார் வரவில்லை. ட்ரெய்லர்தான் பின்னால் வர முயன்றது. மைத்துனர் பிரேக்கை மிதித்தபடியே திரும்பிப் பார்த்தார். அப்போது வீட்டிலிருந்து பொலபொலவென்று ஒரு சத்தம். மதில்மேல் எட்டிப் பார்த்தேன். போர்ட்டிகோவின் உள்தூணிலிருந்து சிமெண்டுப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. தூணின் இடுப்பிலிருந்து காரின் பின்பக்க வளையம் வரை, சேற்றின் நிறத்தில் ஒரு நேர்கோடு. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

கையைத் தூக்கினேன். வின்ச் நின்றது.

வெள்ளம் வந்த அன்று எங்கள் தெருவில் கார்கள் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று முட்டின. காரைக் கட்டிப்போடுவது அந்த வாரத்தில் எல்லோரும் செய்த காரியம். என் மனைவியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முன்னால் கேட்டில் ஒரு கயிறு, பின்னால் தூணில் ஒரு கயிறு என்று மாட்டைக் கட்டுவதுபோல் கட்டினாள். தண்ணீர் ஏறினால் கார் மேலே வரவேண்டுமே என்று தாராளமாக நீளம் விட்டுத்தான் கட்டினாள். வடிந்தபின் முன்கயிற்றை அறுத்தோம். பின்கயிறு சேற்றுக்குள்ளும், தூணில் இருந்த அதன் முடிச்சு மனி பிளாண்டுக்குள்ளும் போயிருக்கிறது. காருக்கு அடியில் சுருண்டு கிடந்த அந்த நீளம், கார் ஏற ஏற எங்கள் கண்ணெதிரே அவிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் வண்டிக்குப் பின்னால் எந்தக் கண்ணும் இருக்கக்கூடாது என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன்.

இப்போது நிலைமை இதுதான். முன்னால் எஃகு வடம், பின்னால் நைலான் கயிறு, இரண்டும் விண்ணென்று. நடுவில் அவள். கேட்டுத் தூண்களுக்கு நடுவில் கதவு திறக்காது. கண்ணாடியை இறக்க பேட்டரி இல்லை. பின்கதவு துருவில் ஒட்டிப்போயிருந்தது. வடம் அறுந்தால் பிரேக் இல்லாத கார் சரிவில் பின்னோக்கி ஓடி உள்தூணில் இடிக்கும். அந்தத் தூணின் மேல்தான் போர்ட்டிகோவின் கூரை. கயிறு அறுந்தால் கார் முன்னால் துள்ளும், கயிறு எந்தப் பக்கம் வீசும் என்று யாருக்கும் தெரியாது. நைலான் ரப்பர்போல் நீளும். நீண்டதையெல்லாம் ஒரே நொடியில் திருப்பிக் கொடுக்கும். இதை எத்தனையோ முறை கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். படத்தில் வண்டிக்குள் யாரையும் வரைந்ததில்லை.

ஓட்டுநரும் மதில்மேல் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இன்னா சார் இது, ஊட்டையே கட்டி இழுத்துனு இருக்கோம்.” இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். “ஒரே வெட்டு.”

“வேண்டாம்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும், பிறகு வடத்தைத் துளித்துளியாக விட வேண்டும், கார் கட்டையில் சாய்ந்ததும் கயிறு தொய்யும், அப்புறம் வெட்டலாம். முறை தெரிகிறது. ஆனால் கட்டை வைக்க ஒருவர் காருக்குப் பின்னால், கயிற்றின் பக்கத்தில் போகவேண்டும். ஓட்டுநர் ரிமோட்டை விடக்கூடாது. மைத்துனர் பிரேக்கை விடக்கூடாது. பக்கத்துவீட்டுக்காரரைத் தேடினேன். அவர் தன் வீட்டு மாடிக்கு இடம் மாறியிருந்தார். மிகச் சரியான முடிவு.

பக்கவாட்டுச் சின்ன கேட் வழியாக உள்ளே போனேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஈரப் போர்வையை உருவிக் கயிற்றின் மேல் போட்டேன். போட்ட கை திரும்பி வரும்வரை மூச்சு விடவில்லை. கயிறு போர்வைக்குள் சின்னதாக உறுமிக்கொண்டிருந்தது. சாலை உயர்ந்தபோது படி கட்ட வாங்கி மீந்த சிமெண்டுக் கற்கள் செடிகளுக்குப் பக்கத்தில் கிடந்தன. ஒன்றைத் தூக்கினேன். டாக்டர் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்த கனம். சரிவில் குனிந்து பின்சக்கரத்தின் அடியில் தள்ளும்போது கால் சறுக்கியது. பம்பரில் கை ஊன்றிக்கொண்டேன், ஊன்றக்கூடாத இடம். இந்தக் கார் இப்போது வந்தால் முதலில் என் மேல்தான் ஏறும், பிறகு அவளோடு போய்த் தூணில் இடிக்கும் என்று மனம் வரிசையாக அறிக்கை எழுதியது.

சட்டைப் பையில் போன் அடித்தது. அவள்தான்.

“ஏங்க, பின்னாடி என்ன பண்றீங்க? பின்னாடி யாரும் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“கயிறு” என்றேன்.

“எந்தக் கயிறு?”

“வெள்ளத்தன்னிக்கு நீ தூண்ல கட்டினது.”

காருக்குள்ளிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

“அதை இன்னுமா அவுக்கலை?” என்றாள். பிறகு, “நீங்க அங்கேருந்து போங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசும் குரல். அந்தக் குரலின் அடியில் ஏதோ ஆடியது. அதுவரை நான் பயந்தது பாதிதான் என்று அப்போது தெரிந்தது.

இரண்டாவது கல்லையும் வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிக் கையைக் காட்டினேன்.

வின்ச் ஒரு துளி விட்டது. கார் கல்லின்மேல் சாய்ந்தது. ஒரு கல்லில் விரிசல் ஓடியது. இன்னொரு துளி. கல் நொறுங்கவில்லை. போர்வை மெல்லத் தாழ்ந்து தரையைத் தொட்டது. ஓட்டுநர் ரிமோட்டை வைத்துவிட்டுச் சின்ன கேட் வழியே ஓடிவந்து வெட்டினார். அறுந்த முனை செத்த பாம்பாய்க் கிடந்தது.

“அம்மா, எறங்கணும்னா கொஞ்சம் பின்னால வாங்கிக்கலாம்” என்று அவர் கண்ணாடியைத் தட்டிக் கேட்டார். வேண்டாம், ஏற்றி முடியுங்கள் என்று அவள் கையால் காட்டினாள். கார் இரண்டு தூண்களுக்கு நடுவிலிருந்து ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியேறி, சாய்பலகையில் ஏறி, ட்ரெய்லரின் மேல் போய் நின்றது. நாலு சக்கரங்களையும் வாரால் கட்டினார்கள். கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை.

நான் ட்ரெய்லரில் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று முதுகுக்குத்தான் தெரியும். அவள் வலது கால் பிரேக் பெடலைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது. ஆடுதசை கல்லாகியிருந்தது.

“எடுக்க வரலை” என்றாள்.

இரண்டு கையாலும் அந்தக் காலைப் பெடலிலிருந்து தூக்கி வெளியே எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பெடல் எழவில்லை, அப்படியே கிடந்தது.

“இதுல பிரேக் இல்லை” என்றேன். காலையில் சொல்லியிருக்க வேண்டியதை.

“தெரியும். அவர் உங்ககிட்ட சொன்னப்ப ஜன்னல்லதான் நின்னேன்.”

“அப்புறம் எதுக்கு மிதிச்சே?”

“சும்மா உக்காந்திருக்கவா?” என்றாள். நான் ஆடுதசையை நீவினேன். மாடியிலிருந்து பக்கத்துவீட்டுக்காரரும், வாசல்களிலிருந்து மற்றவர்களும் பார்த்தார்கள்.

ஓட்டுநர் சாய்பலகைகளை மடக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “சார், வண்டி மட்டும் போதுமா, இல்ல நீங்க ரெண்டு பேரும் குமணன்சாவடி வரைக்கும் வர்றீங்களா?”